எட்டுக் கை மூலக்கூறு

குமுதாவுக்குக் காலையிலிருந்தே இருப்புக் கொள்ளவில்லை. கைபேசியும் கையுமாக, அக்கா குடியிருக்கும் எஸ்டேட் லயத்து வீட்டு வாசலுக்கும் தேயிலைச் சரிவுக்கும் நடையாய் நடந்தாள். தான் செய்த மருந்து தோற்றுப்போக வேண்டும் என்று மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டவள் உலகத்திலேயே இவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். நல்ல கூத்துதான்!

கோலாலம்பூர் ஆய்வுக்கூடத்தில் அவள் கட்டியது ஒரு மூலக்கூறு. சிர்கோனியம்-89 என்கிற கதிரியக்க உலோகத்தை அது இறுகப் பிடித்துக்கொண்டு ரத்தத்தோடு ஓடும். புற்றுநோய் இருக்கும் இடத்தில் போய் ஒட்டும். ஸ்கேனில் அந்த இடம் மின்னும். பழைய மூலக்கூறுக்கு ஆறே கை. அது போதாமல் வழியிலேயே உலோகத்தை நழுவவிடும். நழுவியது எலும்பில் அப்பிக்கொள்ள, நோயே இல்லாத எலும்பும் மின்னித் தொலைக்கும். அதனால்தான் குமுதா வருஷக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டு எட்டுக் கை வைத்தாள்.

முதல் சோதனைக்குச் சேர்ந்த நோயாளிகளில் அவள் அக்கா திலகமும் ஒருத்தி. மார்பில் கட்டி. தங்கச்சி செய்த மருந்தாக்கும் என்று லயம் முழுக்கத் தம்பட்டம் அடித்துவிட்டுத்தான் போனாள். படத்தில் கட்டி மின்னியது. முதுகெலும்பும் சேர்ந்து மின்னியது. நோய் பரவிவிட்டதா, உலோகம் நழுவிவிட்டதா? மற்றவர்களின் படமும் வரட்டும், எல்லார் எலும்பும் மின்னினால் மருந்துதான் கோளாறு என்றார் டாக்டர்.

குமுதாவுக்குப் பொறுமை ஏது? முந்தின நாள் கம்போங் ராஜாவில் பஸ்ஸை விட்டு இறங்கி, வீட்டுக்குள் நுழைந்ததுமே, மருந்துதான் சொதப்பிவிட்டது, உனக்கு ஒன்றுமில்லை என்று அக்காவிடம் அடித்துச் சொல்லிவிட்டாள். அந்த மகராசியோ தன் உடம்பை மறந்துவிட்டு, ஐயோ தங்கச்சி வேலை போய்விடுமே என்று புலம்ப ஆரம்பித்தாள். கணக்கெழுதும் கிராணியிடம் சொல்லி எஸ்டேட் ஆபீஸில் ஏதாவது பார்க்கட்டுமா என்றுகூடக் கேட்டாள். குமுதாவுக்குச் சிரிக்கவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை.

மறுநாள், அவள் நடந்துகொண்டிருக்கும்போதே மழை பிடித்துக்கொண்டது. அவள் அடுப்படிக்குள் வந்து தலையைத் துவட்டும்போது ஹஃபீஸ் கூப்பிட்டான். ஆய்வுக்கூடத்தில் கூட வேலை செய்பவன். நோயாளிகளின் பெயர் அவனுக்குத் தெரியாது. குரலில் அப்படியொரு குதியாட்டம்.

"எல்லாப் படமும் வந்துருச்சுக்கா. ஒருத்தவங்களத் தவிர எல்லாருக்கும் எலும்பு கிளீன். நம்ம மூலக்கூறு புடிச்சத விடவே இல்ல லா."

குமுதா அவசரமாகக் கைபேசியை அடக்கப் பார்த்தாள். அதற்குள் அவன் போட்ட சத்தம் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த திலகத்தின் காதிலும் விழுந்துவிட்டது.

"பாத்தியா? நீ செஞ்சது சோடை போகுமா?"

முகமெல்லாம் பூரிப்பு. ஈரக்கையாலேயே தங்கையின் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தாள். பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்ல ஓடியவள் வாசற்படியில் நின்றாள். மெல்லத் திரும்பினாள்.

"அப்ப அந்த ஒருத்தவங்க... நாந்தானா?"

பொய் சொல்லத்தான் குமுதா வாயைத் திறந்தாள்.

"ஆமாக்கா," என்றாள். "மருந்து சரியாத்தான் காட்டிருக்கு."