மாத்தளைக் கோட்டையில் தற்செயலாக

1.

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. பொய் என்னுடையதல்ல, யோசப்பின் என்ற என் அத்தையுடையது. எங்கள் குடும்பத்தில் பெண் பார்ப்பதென்றால் இரு வீட்டாரும் முன்பின் தெரியாதவர்கள் போல எங்காவது தற்செயலாகச் சந்திக்க வேண்டும். சரிவராவிட்டால் யாரும் யாரையும் வேண்டாமென்று சொன்னதாக ஆகாது பாருங்கள். எங்கள் வீட்டில் எல்லாக் கலியாணமும் இப்படித் தற்செயலாகத்தான் நடந்திருக்கிறது.

இடம்தான் சிக்கல். கோயில் என்றால் பூசை முடியுமுன்னே எங்கள் ஊர் கட்டுகஸ்தோட்டை முழுக்கச் செய்தி போய்விடும். பேராதனைத் தோட்டத்தில் மரத்துக்கு ஒரு குடை, குடைக்கு ஒரு காதல் சோடி. கண்டி வாவிக்கரையில் எதிரே வருகிறவர்களில் பாதிப் பேர் அத்தைக்குச் சொந்தம். கடைசியில் கைப்பேசியில் தேடி மாத்தளைக் கோட்டையைக் கண்டுபிடித்தார்.

"கோட்டைன்னா மதில்மேல காத்து வாங்கிட்டு நடக்கலாம். நீ வரலாறு சொல்றவன் மாதிரி வா. அப்பதான் எல்லாரும் ஒண்ணா நிக்கிறதுக்கு ஒரு காரணம் இருக்கும்," என்றார் என்னிடம்.

நான் கதை எழுதுகிறவன். இரண்டும் ஒரே தொழில் என்று அத்தை நினைத்திருக்கிறார்.

2.

முதல் தொடக்கம்: "பீரங்கிகள் முழங்கிய அந்த மாபெரும் கோட்டையின் நிழலில் ஜூலி—"

வேண்டாம். அந்தக் கோட்டைக்கு நிழல் கிடையாது. (கோட்டையே கிடையாது. அதைப் பிறகு சொல்கிறேன்.)

இரண்டாம் தொடக்கம்: "முப்பத்தேழு வயதிலும் கண்களில் ஏக்கம் ததும்ப—"

இதை ஜூலிக்கு அனுப்பினேன். உடனே அழைத்துவிட்டாள். "யாருக்குண்ணே ஏக்கம்? எனக்கு அதுக்கெல்லாம் நேரமே இல்ல."

உண்மைதான். ஜூலி என் பெரியப்பா வில்பிரட்டின் ஒரே மகள். பகலில் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிறாள். மற்ற நேரமெல்லாம் பெரியப்பாதான். பாரிசவாதத்தில் அவருக்கு இடப்பக்கம் விழுந்துவிட்டது. வாய் மட்டும் முன்னைவிட நன்றாக இருக்கிறது. பெரியம்மா போனபிறகு அவரைத் தூக்கி உட்கார்த்துவதும், குளிப்பாட்டுவதும், திட்டு வாங்குவதும் இவள்தான். மாப்பிள்ளை பிறையனுக்குத் திருகோணமலைத் துறைமுகத்தில் வேலை. கட்டினால் இவள் அங்கே போக வேண்டும். பெரியப்பா ஊரைவிட்டு அசையமாட்டேன் என்கிறார். அண்ணனை நான் பார்த்துக்கொள்கிறேன் என்கிறார் அத்தை. அண்ணனும் தங்கையும் ஒரு தேநீர் ஆறும்வரைகூடச் சண்டையில்லாமல் இருந்ததில்லை.

ஆக, மாப்பிள்ளை நல்லவரா என்பதல்ல கேள்வி. இவள் போகலாமா என்பதுதான்.

3.

பெரியப்பாவையும் ஏற்றிக்கொண்டு கிளம்பிய வான் வண்டியை அக்குறணையில் நிறுத்தி அத்தை ஒரு பெட்டி ரோல்ஸ் வாங்கினார், கோட்டை மதிலில் உட்கார்ந்து தின்பதற்கு. மாத்தளையில் இறங்கிப் பார்த்தால் பழைய கல்வாசல் ஒன்று நிற்கிறது. வாசலுக்குள் கல்லறைகள். ஆயிரத்து எண்ணூற்று மூன்றில் வெள்ளைக்காரன் கட்டிய கோட்டையில் மிஞ்சியது வாசல். உள்ளே இருப்பது கிறிஸ்தவச் சேமக்காலை.

"போட்டோவுல வாசல் மட்டுந்தான் இருந்திச்சு," என்றார் அத்தை.

சிலுவைகளைக் கண்டதும் அவர் கை தானாக நெற்றிக்குப் போனது. வாய் தானாக இறந்தோர் செபத்தின் முதற்பாதியைச் சொல்லிவிட்டது. முதற்பாதியைக் கேட்ட கத்தோலிக்கனால் மறுபாதியைச் சொல்லாமல் இருக்க முடியாது. எங்கள் முதுகுக்குப் பின்னால், அங்கே தற்செயலாக வந்திருந்த ஓர் ஆண்குரல் அதைச் சொல்லி முடித்தது.

பிறையன். காலில் பளபளக்கும் சப்பாத்து, கையில் பூங்கொத்து. முன்பின் தெரியாத பெண்ணுக்குப் பூ கொடுக்க முடியாது என்பது அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். பக்கத்திலிருந்த கல்லறைமேல் வைத்துவிட்டார்.

"உங்க சொந்தக்காரங்களா?" என்று கேட்டாள் ஜூலி.

"இல்லை. இப்பத்தான் பழக்கம்."

ஜூலி சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்து வெகுகாலம். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

4.

அதோடு விட்டிருக்கலாம். அத்தை என்னைக் கிள்ளினார்: "வரலாறு."

தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தேன். கண்டிப் படை நெருக்கியபோது இங்கே பொறுப்பிலிருந்த கேப்டன், நடக்க முடியாத நோயாளிகளைக் கோட்டைக்குள்ளேயே விட்டுவிட்டு இருளோடு இருளாகக் கிளம்பிப் போனார் என்றேன். நல்ல கட்டம், குரலைக்கூடத் தாழ்த்தினேன்.

"எங்க போனாரு?" என்றாள் ஜூலி.

"திருகோணமலைக்கு."

[இங்கே ஒரு பந்தி வருணனை இருந்தது: காற்று, மௌனம், கல்லில் பாசி. எடுத்துவிட்டேன். எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டு ரோல்ஸ் தின்றார்கள், அவ்வளவுதான்.]

"அந்த வருத்தக்காரருக்கு என்ன நடந்தது?" என்று கேட்டார் பிறையன். அவர் ஊரில் நோயாளியை அப்படித்தான் சொல்வார்கள். தெரியாது என்றேன். நல்லது நடந்திருக்காது.

வாசலோரம் வான் கதவைத் திறந்துபோட்டு உட்கார்ந்திருந்த பெரியப்பாவிடமிருந்து சத்தம் வந்தது. "அந்த நோயாளிங்கள யாராவது கேட்டீங்களாடா? தூக்கறேன், பொரட்டறேன்னு ராப்பகலா ஒருத்தன் பக்கத்துலயே நின்னா அவனுங்களே போய்த் தொலைன்னு வெரட்டியிருப்பானுங்க."

ஜூலி வாயிலிருந்ததை மெதுவாக விழுங்கினாள். "அப்ப எதுக்குப்பா அவரு திருட்டுத்தனமா போகணும்? சொல்லிட்டே போயிருக்கலாமே."

பெரியப்பா வலக்கையால் வான் கதவை இழுத்துச் சாத்தினார். 

5.

முடிவுகள்.

அ) போகிறாள். பெரியப்பா அத்தையோடு சண்டை போடுகிற உற்சாகத்திலேயே தொண்ணூறு வயதுவரை இருக்கிறார்.

ஆ) போகவில்லை. பெரியப்பா அதற்கும் திட்டுகிறார்.

இ) பிறையன் கண்டிக்கு மாற்றம் கேட்கிறார். (வாவியில் கப்பல் விடவா?)

இவற்றை வைத்துக்கொண்டு முழித்துக்கொண்டிருந்தபோது ஜூலி அழைத்தாள்.

"ஞாயித்துக்கெழம அவங்க எங்க வீட்டுக்கு வர்றாங்க. கதைய முடிச்சிட்டீங்களா?"

"நீ பதில் சொன்னதும் முடிச்சிருவேன்."



"நீங்க முடிச்சதும் அதப் பாத்துட்டு பதில் சொல்லலாம்னு இருந்தேன்ணே."

இத்தனை வருடத்தில் என் கதையின் முடிவை ஒருவரும் நம்பியதில்லை. 'அ' என்று எழுதினால் போய்விடுவாள், 'ஆ' என்று எழுதினால் இருந்துவிடுவாள், எப்படியானாலும் காலம் முழுக்க அது நான் எழுதியதாகவே இருக்கும். மூன்றையும் அழித்தேன்.

"அவரப் பிடிச்சிருக்கா ஒனக்கு?" என்றேன்.

அத்தை, பெரியப்பா, நான், யாருமே அதை அவளிடம் கேட்டிருக்கவில்லை. கேட்ட பிறகுதான் எனக்கே தெரிந்தது.

ஒரே சொல்லில் பதில் சொன்னாள். "அப்பா கூப்புடுறாரு" என்று வைத்துவிட்டாள்.

அந்தச் சொல்லை இங்கே எழுதமாட்டேன். அதைக் கேட்க ஒருவர் ஞாயிற்றுக்கிழமை திருகோணமலையிலிருந்து வருகிறார். போவதா இருப்பதா என்பதையும் அவளே சொல்லட்டும். உங்களுக்கு ஒரு முடிவு தோன்றியிருக்கும், வைத்துக்கொள்ளுங்கள். அதைத் தயவுசெய்து யோசப்பின் அத்தையிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள்.