மிச்சம் பிடித்த டீசல்

எல்லைச் சாவடி வரிசையில் நின்ற கூலிங் லாரியின் பின்கதவைத் திறந்ததுமே அழுகல் நாற்றம் அண்ணியின் முகத்தில் அடித்தது. கைக்குட்டையால் மூக்கை அழுத்திக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தாள். மீன் பெட்டிகளின் அடியில் பழுப்பு நிறத்தில் கொழகொழவென்று நீர் தேங்கியிருந்தது. மேல்பெட்டி மீன்களுக்குக் கண் வெளுத்து, வயிறு வெடித்திருந்தது.

எல்லைச் சாவடி எப்போது திறக்கும் என்பது சாவடிக்காரர்களுக்கே தெரியாது. அந்தக் குழப்பத்தைக் கணக்கில் எடுத்து லாரிகளை அனுப்புவதுதான் சித்தப்பாவின் மீன் கம்பெனியில் அவள் வேலை. ஓட்டுநர்கள் வழியில் மெத்தனம் காட்டக் கூடாதென்று போன மாதம் ஒரு புது ஏற்பாடு கொண்டுவந்தாள். வண்டிக்கும் கூலிங் மிஷினுக்கும் தாமதத்தையும் சேர்த்துக் கணக்கிட்டு டீசல் கொடுத்துவிடுவது, மிச்சமானால் அது ஓட்டுநருக்கே. சித்தப்பா அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்.

இந்த லாரியை ஓட்டி வந்தது அவள் கொழுந்தன். படியில் உட்கார்ந்து சாவகாசமாகப் பல் குத்திக்கொண்டிருந்தான். கூலிங்கை எப்போது நிறுத்தினாய் என்று கேட்டாள்.

"வரிசை நகரவே இல்ல அண்ணி. நிக்கிற வண்டிக்கு எதுக்குன்னு அப்பவே நிறுத்திட்டேன். சாவடி கிட்ட வந்ததும் போட்டுவிட்டா டிகிரி காட்டுற முள்ளு தானா இறங்கிடும். எல்லாரும் அப்படித்தான் பண்றோம்."

"உனக்கு மூக்குன்னு ஒண்ணு இருக்கா இல்லையா?"

"மிச்ச டீசல் எங்களுக்குன்னு சொன்னதே நீங்கதானே."

அவள் திரும்பிப் பார்த்தாள். கம்பெனியின் மற்ற இரண்டு லாரிகளும் பின்னால் நின்றன. ஒன்றிலிருந்தும் கூலிங் மிஷின் சத்தம் வரவில்லை. நாற்றம் மட்டும் வந்தது. தன் மேலேயே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

சித்தப்பாவுக்குப் போன் போட்டாள். அவர் அலட்டிக்கொள்ளவே இல்லை. லாரிகளைத் திருப்பிக் கொண்டுவரச் சொன்னார். கழுவி, மேலே புது ஐஸைக் கொட்டி, கல்லூரி விடுதிக்குத் தள்ளிவிடலாமாம். மசாலாவில் பொரித்தால் எந்த நாக்குக்கும் தெரியாதாம்.

"பிள்ளைங்க சாப்பிடுற சாப்பாடு சித்தப்பா."

"நம்ம வீட்டுப் பிள்ளைங்களா சாப்பிடப் போகுது? வண்டியைத் திருப்பும்மா."

போனை வைத்துவிட்டு அவள் காறித் துப்பினாள். பிறகு, மிச்சம் பிடித்த டீசல் எங்கே என்று கொழுந்தனிடம் கேட்டாள். பாராட்டப் போகிறாள் என்று நினைத்தானோ என்னவோ, சீட்டுக்கு அடியிலிருந்து கேனைப் பெருமையாக இழுத்துக் கொடுத்தான்.

அண்ணி மூச்சை அடக்கிக்கொண்டு லாரிக்குள் ஏறினாள். மேல்பெட்டியிலிருந்து தொடங்கி, ஒரு மீன் விடாமல் டீசலை ஊற்றினாள். வழுக்கிய காலை ஊன்றி, அடிப்பெட்டிகளையும் இழுத்துப் போட்டு நனைத்தாள். இனி இதை எந்த மசாலாவும் மறைக்காது.

"அண்ணி, அது என் டீசல்" என்றான் கொழுந்தன், அழாத குறையாக.

"உன்னுதுதான். நான் இல்லேன்னு சொல்லலையே." காலி கேனை அவன் மடியில் போட்டாள். "பின்னாடி நிக்கிறவங்களையும் அவங்க மிச்சத்தை எடுத்துட்டு வரச் சொல்லு."