வலையின் மேல் ஒரு தாய்

திருகோணமலைத் துறைமுக வாயிலைத் தாண்டியதுமே கடலடி நிலம் செங்குத்தாக இறங்கிப் பெரும் பள்ளத்தாக்காகிவிடுகிறது. கடலுயிர் ஆய்வாளர் நஜ்முன் நிஸாவும், கமராவை இயக்கும் இராகுலனும் அன்று காலை ஜவ்பரின் படகில் அங்கே போயிருந்தார்கள். அறுந்துபோன மீன்பிடி வலைகள் ஆழத்தில் என்ன செய்கின்றன என்பதுதான் நிஸாவின் ஆராய்ச்சி. அவற்றை அகற்றுவதற்கும் அனுமதி வாங்கியிருந்தாள்.

கேபிளில் கட்டிய கமரா இறங்க இறங்க, திரையில் நீலம் கறுத்தது. விளக்கு வெளிச்சத்தில் வெண்துகள்கள் மட்டும் மழைபோல் விழுந்துகொண்டிருந்தன. கடைசியில் பள்ளத்தாக்கின் சுவர் தெரிந்தது. வெள்ளையும் இளஞ்சிவப்புமாகப் பவளக்கிளைகள். அவற்றின் மேல் ஒரு நைலோன் வலை. அது கிடந்த இடமெல்லாம் கிளைகள் முறிந்து செத்திருந்தன.

"இவ்வளவு ஆழத்துக்கும் வந்திட்டுது," என்றாள் நிஸா.

அப்போது கேபிள் வெடுக்கென்று இறுகியது. கமராவின் சட்டம் வலையில் கொளுவிவிட்டது.

"இழுத்துப் பாப்பம். பழைய வலைதானே, கிழிஞ்சிடும்," என்றான் இராகுலன்.

"பொறுங்கோ! இழுக்காதேங்கோ!" என்று தடுத்தாள் நிஸா.

வலையின் மடிப்பில் ஒரு பேய்க்கணவாய் இருந்தது. எட்டுக் கைகளாலும் எதையோ பொத்திப் பிடித்திருந்தது. கை இடுக்குகளில் நீர்த்துளிகளைப் போல முட்டைகள். ஒவ்வொரு முட்டைக்குள்ளும் இரண்டு கறுப்புப் புள்ளிகள்.

"அது கண்ணா?" ஜவ்பர் குனிந்து பார்த்தார்.

"ஓம், ஜவ்பர் நானா. உள்ளுக்குக் குஞ்சு இருக்கு. பொரிக்கிற வரைக்கும் தாய் அசையாது. மாசக்கணக்கா, சிலது வருசக்கணக்கா இப்பிடியே இருக்கும்."

தாய் வெளிச்சத்துக்குக் கூசியதுபோல் உடலைச் சுருக்கியது. வெயில் ஒருநாளும் எட்டாத இடம் அது.

"விளக்கை நூருங்கோ, இராகுலன்," என்றாள் நிஸா.

"நூத்தா ஒண்டும் தெரியாதே."

"தெரியாட்டிப் பரவாயில்லை."

திரை இருண்டது. மூவரும் அந்த இருட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஓரத்தில் ஒரு நீலப்பொட்டு மின்னியது. பிறகு இன்னொன்று. பிறகு சரம்சரமாக, சுழன்றும் நெளிந்தும், பெயர் தெரியாத உயிர்கள் தம் ஒளியிலேயே நீந்திப் போயின. அவற்றில் ஒன்று கடந்தபோது, முட்டைகளைத் தடவிக்கொடுத்த ஒரு கையின் நிழல் கணநேரம் தெரிந்து மறைந்தது. இதையெல்லாம் படித்துத் தெரிந்திருந்த நிஸாவே திரையை நெருங்கி வந்து பார்த்தாள்.

"அல்லாஹ்," என்றார் ஜவ்பர் மெதுவாக. "இதுக்கு மேலாலதான் நான் நெடுகிலும் போய்வாறன்."

"கேபிளை வெட்டிவிடுவமா?" என்று கேட்டான் இராகுலன்.

"வெட்டினா நாங்களும் குப்பை போட்ட ஆக்கள்தானே," என்றாள் நிஸா. " தளர்த்திவிட்டு மற்றப் பக்கத்தால எடுத்துப் பாப்பம்."

ஜவ்பர் படகை ஆமைவேகத்தில் சுற்றிக்கொண்டு போனார். இராகுலன் கேபிளைக் கையில் வைத்து அதன் அதிர்வைக் கவனித்தான். இருமுறை இறுகியது, இருமுறையும் விட்டுக்கொடுத்தான். மூன்றாம் முறை கொளுவல் தானாகவே கழன்றது. நிஸா விளக்கை மிக மங்கலாக ஒருமுறை ஏற்றிப் பார்த்தாள். தாய் இருந்த இடத்திலேயே இருந்தது.

மேலே வந்த கமராச் சட்டத்தை ஜவ்பர் தொட்டார். கொளுத்தும் வெயிலிலும் அது ஐஸ் போலக் குளிர்ந்தது.

"அப்ப அந்த வலையை எடுக்கிற வேலை?" என்று கேட்டான் இராகுலன்.

"மற்ற வலைகளை எடுப்பம். இதை, குஞ்சுகள் போன பிறகு," என்றாள் நிஸா.

"எப்ப போகும்?"

"தெரியாது," என்றாள். அப்படிச் சொல்வதில் அவளுக்கு அன்று ஏனோ பெரும் சந்தோஷமாக இருந்தது.