நடுவில் நாலு கறுப்பு

பாப்பிரெட்டிப்பட்டியைத் தாண்டி இருந்த கருப்பண்ணனின் ஜவ்வரிசி ஆலைக்குக் கம்ப்யூட்டர் வந்தது எண்பத்தெட்டாம் வருஷம். அதில் வேலை பார்க்க வந்தவள் ராஜமேரி. வயது இருபத்தாறு. பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போன புருஷன் திரும்பி வரவேயில்லை. ரெண்டாவது படிக்கிற மகளைத் தாயிடம் விட்டுவிட்டு, சேலத்தில் ஆறு மாதம் கம்ப்யூட்டர் படித்து, இந்த வேலையைப் பிடித்திருந்தாள். பிடித்து மூன்று மாதம்கூட ஆகவில்லை, கண்ணுங்களா.

மரவள்ளிக் கிழங்கைப் பிடுங்கினால் ரெண்டு நாளில் அரைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் கறுத்துப்போகும். அதனால் எந்த ஊர் வண்டி எந்த நாள் வரலாம் என்று ஆலையில் முன்கூட்டியே முறை வைப்பார்கள். நோட்டுக்காரர் ஒருவர் கையால் எழுதிவந்த காலத்தில் ஒரே நாளில் நாற்பது வண்டி வந்து நின்று அடிதடி நடக்கும். ராஜமேரி அடித்துக் கொடுத்த பட்டியல் வந்தபிறகு அது குறைந்தது.

அப்படி ஓடிக்கொண்டிருந்தபோது, ஒரு நாள் கரண்ட் ஏறி இறங்கியதில் கம்ப்யூட்டருக்குள் இருக்கிற பவர் சப்ளை புகைந்துபோனது. மெஷினுக்கு வேண்டிய கரண்டை அளவாகப் பிரித்துக் கொடுக்கிற தகரப் பெட்டி அது. சேலத்துக் கடைக்காரர் பத்து நாள் ஆகும் என்றார். முதலாளி கருப்பண்ணனுக்கு அவ்வளவு பொறுமை ஏது? ஆலையின் மோட்டார் மெக்கானிக் மாதையனைக் கூப்பிட்டார். மாதையன் பழைய பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு பெங்களூர் போனார். கடையில் அதைக் காட்டி, அதே மாதிரி வேறொன்றை மாற்றிக்கொண்டு மறுநாள் மத்தியானம் வந்து சேர்ந்தார்.

முதலாளி ராஜமேரியிடம் சொல்லிவிட்டார்: "இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள ஓடலைன்னா, பழைய நோட்டுக்காரரு நாளைக்கு வந்துருவாரு. ஆளு வுட்டுச் சொல்லிட்டேன். அப்பறம் உனக்கு இங்க வேலை இல்லம்மா."

ராஜமேரி தலையை ஆட்டிக்கொண்டாள்.

மாதையன் பெட்டியை உள்ளே வைத்து நாலு திருகும் முடுக்கினார். பெட்டியிலிருந்து வந்த ஒயர்களில் ரெண்டு வெள்ளைப் பிளக்குகள், ஒவ்வொன்றிலும் ஆறு ஓட்டை. அடியில் கிடந்த பச்சைப் பலகையில் பன்னிரண்டு ஊசி ஒரே வரிசையாக நின்றது. அந்தப் பலகைக்கு மதர்போர்டு என்று பெயர். அது போனால் கம்ப்யூட்டரே போனமாதிரிதான்.

"எது எந்தப் பக்கம்ண்ணா?" என்றாள் ராஜமேரி.

"எது போனா என்ன? ரெண்டும் ஒரே அச்சு." ரெண்டையும் அழுத்திக் குத்திவிட்டார். சுலபமாகத்தான் இறங்கின.

"கழட்டும்போது பார்த்து வைக்கலீங்களா?"

"இருவது வருசமா மோட்டார் மாட்டறேன் புள்ள. எதையும் பார்த்து வச்சதில்ல. போட்டுப் பாக்கறது; திருப்பிச் சுத்துனா ரெண்டு ஒயரை மாத்தறது. தண்ணி வந்துரும்."

அவர் சொன்னது பொய்யில்லை. அந்தப் பக்கத்துக் கிணறுகளில் பாதி மோட்டார் அப்படித்தான் ஓடியது. மூன்று ஒயரில் எந்த ரெண்டை மாற்றினாலும் மோட்டாருக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் சேலத்தில் சொல்லிக்கொடுத்தவர் மூடியைத் திறந்து காட்டாவிட்டாலும் ஒன்று சொல்லியிருந்தார்: பவர் பிளக்கை மாற்றிக் குத்தினால் போர்டு ஒரு நிமிஷத்தில் கருகிவிடும்.

மாதையன் பெட்டியின் பக்கத்திலிருந்த சிவப்பு சுவிட்சுக்குக் கையைக் கொண்டுபோனார். ராஜமேரி அதன்மேல் தன் உள்ளங்கையை வைத்து மறைத்துக்கொண்டாள்.

"கைய எடு புள்ள. ஷாக் அடிக்காது."

"ஷாக்குக்கு இல்லீங்கண்ணா. மோட்டார் திருப்பிச் சுத்துனா நிறுத்தி மாத்தலாம். இது புகைஞ்சா மாத்தறதுக்கு எதுவும் இருக்காது."

"அப்ப என்னை நம்பல?"

"உங்களை நம்பறேன். இந்தப் பிளக்கை நம்பலீங்க."

மாதையனுக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. சுற்றிலும் பார்த்தார். நல்லவேளை, அறையில் வேறு யாருமில்லை. பீடியை எடுத்து, கம்ப்யூட்டர் அறை என்று நினைவு வந்து திரும்பச் சொருகிக்கொண்டார். சுவிட்சின் மேலிருந்த கை நகரவேயில்லை. அதைப் பார்த்ததும் அவருக்கு என்னவோ போலாகிவிட்டது.

"சரி, என்ன செய்யலாங்கற?"

"மோட்டார்ல எர்த்து ஒயர் எதுன்னு எப்படிண்ணா கண்டுபுடிப்பீங்க?"

"மீட்டரை வச்சு. ஒரு முனை மோட்டாரோட இரும்பு பாடியில, ஒரு முனை ஒயர்ல. முள்ளு முழுசா ஓடுனா எர்த்து."

"இதுக்கும் பாடி இருக்குதில்லீங்களா?"

மாதையன் அவளை ஒருதரம் பார்த்துவிட்டு, ரெண்டு பிளக்கையும் கழற்றினார். மீட்டரைக் கொண்டுவந்தார். முதலில் பெட்டியின் தகரத்தில் ஒரு முனையை வைத்து, மறு முனையால் ஒவ்வொரு ஒயராகத் தொட்டார். சிவப்பு, மஞ்சள், நீலம் எதிலும் முள் முழுசாக ஓடவில்லை. கறுப்பில் வைத்ததும் கடைசிவரை ஓடியது. ஒவ்வொரு பிளக்கிலும் ஒரு ஓரமாக ரெண்டு கறுப்பு. ஆக மொத்தம் நாலு.

பிறகு போர்டு. மீட்டரின் ஒரு முனையை போர்டை முடுக்கியிருந்த திருகில் வைத்து, மறு முனையால் ஊசி ஊசியாகத் தொட்டார். ஓரத்து ஊசிகளில் முள் பாதிவரை எழுந்து நின்றது. ஐந்தாவது ஊசியில் முழுசாக ஓடியது. ஆறு, ஏழு, எட்டிலும் அப்படியே. ஒன்பதில் மறுபடி நின்றுவிட்டது.

"நடுவுல நாலு," என்றாள் ராஜமேரி.

"கறுப்பும் கறுப்பும் பக்கத்துல பக்கத்துல வரணும்," என்றார் மாதையன். "நான் ரெண்டு கடைசிக்கும் தள்ளி வச்சிருந்தேன் புள்ள."

ரெண்டையும் இடம் மாற்றிக் குத்தினார். "நீயே போடு," என்று விலகிக்கொண்டார். அவள் சிலுவை போட்டுக்கொண்டு சுவிட்சை அழுத்தினாள். விசிறி சுற்றியது. ஒரு சின்ன பீப். திரையில் பச்சை எழுத்து வந்தது.

சத்தம் கேட்டு முதலாளி வந்தார். "ஒரு பெட்டி மாட்ட இவ்வளவு நேரமா மாதையா?"

"அண்ணன் மீட்டர் வச்சுப் பார்த்ததாலதாங்க போர்டு தப்பிச்சுது," என்றாள் ராஜமேரி.

"இல்லீங்க. நான் மாத்திக் குத்திட்டேன். இந்தப் புள்ள சுச்சை மறைச்சுக்கிட்டு நின்னுச்சு. இல்லாட்டி இந்நேரம் கரிதான்."

"அட, யாரோ ஒருத்தரு! ஓடுதில்ல?" முதலாளி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "நாளைக்கு எந்த ஊரு முறைன்னு அடிச்சுக் குடும்மா."

பிரிண்டர் கறகறவென்று இழுத்துத் தள்ளிய தாளை ஒருமுறை படித்துவிட்டு மடித்துப் பையில் வைத்தார். வாசல்வரை போய்த் திரும்பினார்.

"அந்த நோட்டுக்காரரை வர வேண்டாம்னு யாராச்சும் போய்ச் சொல்லணுமே."

"நானே போறேங்க," என்று மாதையன் சைக்கிளை எடுத்தார்.