இனிகோவின் தொடைச் சதை

சவப்பெட்டியின் மூடியைத் தூக்கிய இருவரும் அப்படியே நின்றார்கள். பெட்டியை ஒட்டி உட்கார்ந்திருந்த ராயம்மாள் குறுக்கே கையைப் போட்டிருந்தாள்.

“தொடையில அறுத்து எடுத்தாங்களே, அந்தச் சதை எங்க? எம்புள்ளைய முழுசாத்தான் பெத்தேன். முழுசாத்தான் அனுப்புவேன்.”

அரிசியளவு சதை குறைந்தால் ஆண்டவர் கோபித்துக்கொள்ள மாட்டார் என்று பங்குச் சாமியார் சொல்லிப் பார்த்தார். ராயம்மாளா கேட்கிறவள்? பொம்மிடி சந்தையில் ஒரு கத்திரிக்காய் குறைந்தாலே மறுபடி நிறுக்கச் சொல்கிறவள்.

எல்லோரும் மகள் பிளசியைப் பார்த்தார்கள். பத்து வருடமாக இனிகோவின் கைகால்களைத் தின்ற நோய்க்கு இன்னும் பெயர் தெரியவில்லை. அதைக் கண்டுபிடிக்கத்தான், பெங்களூரில் அவள் வேலை பார்க்கும் ஆய்வுக்கூடத்துக்கே தம்பியின் சதை போயிருந்தது.

சதை என்று கொடுக்க அவளிடம் எதுவும் மிச்சமில்லை. கடைசித் துணுக்கையும் நேற்றுத்தான் சீவி முடித்திருந்தாள். சர்க்கரைப் பாகில் ஊறவைத்து, திரவ நைட்ரஜனில் உறையவைத்த எள்ளளவு சதை. பூஜ்யத்துக்கு நூறு டிகிரி கீழே, கண்ணுக்கே பிடிபடாத ஏடுகளாகச் சீவினாள். குச்சியில் ஒட்டிய கண்ணிமை முடியால் ஒவ்வொன்றாக நகர்த்தி, பாகுச் சொட்டில் தொட்டெடுத்து, நுண்ணோக்கியில் வைத்துப் பார்ப்பதற்கான பொட்டளவு செம்பு வலையில் ஏற்றினாள். பனிக்கட்டிமேல் வைத்து யுரேனியச் சாயம் ஏற்றி, மிஞ்சிய சாயத்தை வடிதாளில் இழுத்துக்கொண்டிருந்தபோது ஃபோன் வந்தது. தம்பிக்கு மூச்சு நின்றுவிட்டது என்றார்கள். வலைகள் காயும்வரை இருந்து, பத்திரப்படுத்திவிட்டுத்தான் பஸ் ஏறினாள்.

பஞ்சில் எதையாவது சுற்றி வைத்துவிடு, உங்கம்மாவுக்கு என்ன தெரியப்போகிறது என்று பெரியம்மா காதைக் கடித்தாள். பிளசிக்கு மனம் வரவில்லை. பெற்றவளிடம் இதை எப்படிச் சொல்வதென்று பயமாகவும் இருந்தது.

“இல்லம்மா. அத்தனையும் அறுத்துட்டேன்.”

ராயம்மாள் நிமிர்ந்து பார்த்தாள்.

“நீயா அறுத்த?”

“நாந்தாம்மா.”

“வேற யாரும் கை வெக்கலையே?”

“வெக்க வுடலம்மா.”

ராயம்மாள் பெட்டியிலிருந்து கையை எடுத்தாள். மகளின் வலது கையை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். விரல்களை ஒவ்வொன்றாக நீவிவிட்டாள். பிறகு மூடியைப் போடச் சொன்னாள்.