தில்லையம்பலம் சரணடைந்த செய்தி

செவ்வாய்க்கிழமை எதிரியின் விமானம் வந்து வீட்டுக்கு ஒன்றாகத் துண்டுப்பிரசுரம் போட்டது. தில்லையம்பலம் சரணடைந்துவிட்டார், எங்களிடம் மூன்று வேளையும் வயிறாரச் சாப்பிடுகிறார், நீங்களும் வாருங்கள் என்று அதில் இருந்தது. படமும் இருந்தது. அந்த நேரம் தில்லையம்பலம் தன் வீட்டு முற்றத்தில் தேங்காய் உரித்துக்கொண்டிருந்தார்.

அச்சில் வந்தால் வந்ததுதான். மரண அறிவித்தல் அடிக்காத செத்தவீட்டை இந்த ஊரில் காக்கை குருவிகூட எட்டிப்பார்க்காது. ஊர்ப் பதிவு பார்க்கும் விதானையார் வந்து, அரிசி வாங்கும் கூப்பன் மட்டையில் தில்லையம்பலத்தின் பெயரை வெட்டினார்.

"அங்கை மூண்டு நேரம் சாப்பிடுற ஆளுக்கு இஞ்சையும் அரிசி தரேலாது, பிள்ளை," என்று தில்லையம்பலத்தின் மனைவியிடம் சொன்னார். நியாயம்தானே? உரித்த தேங்காயில் இரண்டைத் தில்லையம்பலமே அவர் பையில் போட்டுவிட்டார்.

மனைவி யோகேஸ்வரியும் ஊர் வழக்கை மீறுகிறவள் இல்லை. தட்டில் சோறு போடுவாள். இல்லாத ஆளுக்கு முன் எப்படி வைப்பது என்று திரும்ப எடுத்துவிடுவாள். ஆனால் நாலாம் நாள் மனுசனுக்குக் கட்டிய சாரம் இடுப்பில் நிற்கவில்லை. அதைக் கண்டதும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இருங்கோ. உங்களைத் திருப்பி வாங்காமல் அவங்களை விடமாட்டன்!"

"வெயிலுக்கை போகாதையப்பா," என்றார் தில்லையம்பலம்.

அச்சுக்கூடத்தில் தாள் இல்லை. எதிரியின் பிரசுரத்தையே மறுபக்கம் திருப்பிக் கொடுத்து அச்சடிக்க வைத்தாள்: 'எடுத்த ஆளை உடனே திருப்பித் தரவும். இப்படிக்கு, மனைவி.' அதை எடுத்துக்கொண்டு ஊரின் உயரமான தண்ணீர்த்தாங்கியில் ஏறினாள். முழங்கால் வலி உயிரை எடுத்தது. நின்று நின்று, பல்லைக் கடித்துக்கொண்டு உச்சிவரை ஏறினாள். விமானம் வந்ததும் தாளைக் கையிலிருந்து விட்டாள். அது ஆடி ஆடி வானத்தை நோக்கி மேலே விழுந்தது. விமானம் வயிற்றுக் கதவைத் திறந்து வாங்கிக்கொண்டு போனது.

அடுத்த செவ்வாய்க்கிழமை தில்லையம்பலத்தைத் திருப்பி அனுப்பினார்கள். பிரசுரம் விழுந்த மாதிரியே, வீட்டுக்கு ஒருவராக, நானூறு தில்லையம்பலங்கள் மெதுவாக இறங்கினார்கள். யோகேஸ்வரியின் முற்றத்தில் மட்டும் யாரும் இறங்கவில்லை. அங்கே ஏற்கெனவே ஒருவர் இருந்தார். அவருக்கு முன் தட்டை வைத்து மூன்று அகப்பை சோறு போட்டாள். இந்த முறை திரும்ப எடுக்கவில்லை.

பக்கத்து வீட்டுப் பூரணத்தின் புருசன் போன மாசியில் ஷெல் விழுந்து செத்துப்போனவர். தன் முற்றத்தில் இறங்கியவரை அவள் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு உள்ளே போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள்.

"கையைக் கழுவிப்போட்டு வாங்கோ," என்றாள். "சோறு ஆறுது."