ஒப்பீட்டு ஊருக்கு ஒரு முடிவு

1

இந்தக் கதை எனக்குத் தோன்றியது என்று சொன்னால் பொய். கொடுக்கப்பட்டது. மாலை நேர எழுத்து வகுப்பில் ஆசிரியர் ஆளுக்கொரு தலைப்பைப் பிரித்துக் கொடுத்தார். பக்கத்து நாற்காலிக்காரருக்கு ‘மழை’. எனக்கு ‘உங்களுக்குத் தெரிந்த ஒருவரின் வாழ்க்கையும் பணியும்’. எனக்குத் தெரிந்தவர்களில் இரண்டும் உள்ளவர் பெரியப்பா ஒருவர்தான். மற்றவர்களுக்கு ஏதாவது ஒன்றுதான் வாய்த்திருக்கிறது.

பெரியப்பா வளர்ச்சிப் பொருளாதாரப் பேராசிரியர். ஏழைகள் ஏன் ஏழைகளாக இருக்கிறார்கள் என்று ஆராயும் துறை அது. (ஆராய்கிறவர்கள் ஏன் ஏழைகளாக இருப்பதில்லை என்று ஆராயத் தனித்துறை கிடையாது. இந்த வரியை வகுப்பில் வாசித்தபோது எல்லோரும் சிரித்தார்கள். அதனாலேயே எனக்கு இதன்மேல் சந்தேகம் வந்துவிட்டது. இப்போதைக்கு அடைப்புக்குறிக்குள் இருக்கட்டும்.)

பகலில் நான் அவருடைய ஆய்வு உதவியாளர். இரவில் அவர் வீட்டு மாடி அறையில் குடியிருப்பவள். அலுவலகத்தில் அவரை ‘சார்’ என்பேன், வீட்டில் ‘பெரியப்பா’ என்பேன். இரண்டுக்கும் நடுவே பேருந்தில் என்ன சொல்வதென்று தெரியாததால் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு வருவேன்.

2

தொடக்கங்கள். இதுவரை எழுதிப் பார்த்தவை:

‘பேருந்து நடத்துநரின் மகனாகப் பிறந்த அவர், சிறு வயதிலேயே கூட்டத்தைக் கணக்கிடக் கற்று—’

நிறுத்திவிட்டேன். அவருடைய அப்பா நடத்துநர் இல்லை, பணிமனையில் டயர் மாற்றியவர். நடத்துநர் என்றால் வாக்கியம் நன்றாக வருகிறது. ஆனால் அவர் என் தாத்தாவும்கூட. வாக்கியத்துக்காக அவருடைய உத்தியோகத்தை உயர்த்த எனக்கு அதிகாரமில்லை.

‘வெளிநாட்டு நூலகம் ஒன்றில் கம்பளிக் குல்லாய் அணிந்தபடி கிணற்றுப் பாசனம் குறித்து ஆய்வேடு எழுதி முடிக்கும்வரை, அவர் எந்தக் கிணற்றையும் எட்டிப் பார்த்ததில்லை.’

இது உண்மை. பெரியம்மா சொன்னது. ஆனால் முதல் வரியிலேயே கேலியைச் செலவழித்துவிட்டால் பின்னால் கைவசம் இருக்காது.

ஆகவே மூன்றாவது தொடக்கம். நேராகவே சொல்லிவிடுகிறேன்.

பெரியப்பா இளம் விரிவுரையாளராகத் திரும்பி வந்ததும் ஒரு கேள்வி கேட்டார். வீட்டுக்கே தண்ணீர் வந்தால், தண்ணீர் சுமக்கும் பெண்பிள்ளைகள் பள்ளியில் கூடுதலாகப் படிப்பார்களா? இதைக் கண்டுபிடிக்க அவர் துறையில் ஒரு வழி உண்டு. ஒரே மாதிரியான ஊர்களை எடுத்துச் சீட்டுக் குலுக்கிப் போடுவது. சீட்டு விழுந்த பாதிக்கு உடனே குழாய். விழாத பாதிக்கு இப்போது ஒன்றும் கிடையாது, கேள்விகள் மட்டும். இந்த இரண்டாவது வகைக்கு ‘ஒப்பீட்டு ஊர்கள்’ என்று பெயர். ஆய்வு முடிந்ததும் அவற்றுக்கும் குழாய் வரும். இரண்டே வருடம்.

இடையில் யாராவது குழாய் போட்டு ஆய்வைக் கெடுத்துவிடக் கூடாதே. அதனால் அவரே குடிநீர் அலுவலகத்துக்குப் போய், ஆய்வு முடிந்தது என்று தான் வந்து சொல்லும்வரை அந்த ஊர்களைத் தொட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். பொறியாளர் மரியாதைக்காரர். சரி என்றார்.

இரண்டு வருடத்தில் விடை கிடைத்தது. குழாய் ஊர்ப் பெண்கள் கூடுதலாகப் படித்தார்கள். கட்டுரை வந்தது, பரிசு வந்தது, கம்பளிக் குல்லாய் தேவைப்படும் ஊர்களிலிருந்து அழைப்புகள் வந்தன. பேசப் போன இடங்களில் எல்லோரும் ஒரே விஷயத்தைக் கேட்டார்கள்: இது நீடிக்குமா? நல்ல கேள்வி. எனவே இரண்டாம் சுற்று. அந்தப் பெண்கள் எந்த வயதில் கல்யாணம் செய்துகொண்டார்கள்? அதுவும் நல்ல கேள்வி. மூன்றாம் சுற்று. அவர்களுடைய குழந்தைகள் எப்படி வளர்கிறார்கள்? நான்காம் சுற்று. அதில்தான் நான் வேலைக்குச் சேர்ந்தேன்.

ஆய்வு முடியவே இல்லை. அதனால் அவர் போய்ச் சொல்லவும் இல்லை.

(இதற்குள் மற்ற ஒப்பீட்டு ஊர்கள் ஒவ்வொன்றாகத் தண்ணீர் வாங்கிவிட்டன. ஒன்று சாலையை மறித்தது. இன்னொன்றில் அமைச்சரின் சம்பந்தி வீடு இருந்தது. இப்போது மிச்சம் ஒரே ஊர். ஓர் ஊரை வைத்துக்கொண்டு எதையும் ஒப்பிட முடியாது என்று புள்ளியியல்காரர் கட்டம் போட்டு விளக்கினார். பெரியப்பா கவனமாகக் கேட்டுவிட்டு, “நீங்க சொல்றது சரிதான். இருந்தாலும்...” என்றார். துறையில் அவருக்குப் பட்டப்பெயரே ‘இருந்தாலும்’.)

3

இங்கே ஒரு பாத்திரம் வருகிறது. அவளைப் பற்றி எனக்குச் சந்தேகம் இருக்கிறது.

அந்த ஒற்றை ஊரில் அவளைப் பதிலக்கா என்று நாங்கள் கூப்பிடுவோம். எல்லாச் சுற்றிலும் பதில் சொன்னவள். நான்காம் சுற்றுக்குப் பெரியப்பாவோடு நானும் போயிருந்தேன். தகரக் கூரை வீடு. சுவரோரம் பிளாஸ்டிக் குடங்கள் வரிசையாக நின்றன, எல்லாவற்றிலும் எங்கள் பல்கலைக்கழக முத்திரை. பதில் சொல்கிறவர்களுக்கு ஒவ்வொரு சுற்றிலும் நன்றியாக ஏதாவது கொடுப்பது வழக்கம். என்ன கொடுக்கலாம் என்று ஒரு குழு கூடி, மக்களுக்குப் பயன்படும் பொருளாக இருக்க வேண்டும் என்று நீண்ட நேரம் விவாதித்து, தண்ணீர்க் குடம் என்று முடிவு செய்திருந்தது.

பதிலக்கா எங்களுக்கு நாற்காலி போட்டாள். அவளை ஒரு கையால் தண்ணீர் வரிசைக்குக் கூப்பிட்டுவிட்டு ஓடிய பக்கத்து வீட்டுக்காரியிடம், “மாப்பிள்ளை வந்திருக்காரு, கொஞ்சம் பொறு” என்றாள்.

“யாரு மாப்பிள்ளை?” என்று பெரியப்பா கேட்டார்.

“நீங்கதான் சார். அஞ்சாறு வருஷத்துக்கு ஒருக்கா வர்றீங்க. நல்லா இருக்கியான்னு கேக்கறீங்க. ஒரு குடத்தைக் கொடுத்துட்டுப் போயிடறீங்க.”

எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தது பெரியப்பாதான்.

பிறகு நான் கேள்விகளைத் தொடங்கினேன். வீட்டில் யார் தண்ணீர் எடுக்கப் போவது? முதல் சுற்றில் இந்தக் கேள்விக்கு, பன்னிரண்டு வயதில், பதிலக்கா சொன்ன பதில் ‘நான்’. இந்த முறை அவள் வாய் திறக்கும் முன், வாசலில் குடத்தோடு நின்ற அவள் மகள் “நான்” என்றாள். பதிலக்கா மகளைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்து, “இந்த வாட்டி கேள்வியாவது புதுசா இருக்கும்னு நெனச்சேன்” என்றாள்.

இந்தப் பகுதியை வகுப்பில் வாசித்தேன். ஆசிரியர் நம்பவில்லை. இவ்வளவு வருடம் காத்திருக்கும் ஒருத்தி நாற்காலி போடுவாளா, கோபம் எங்கே என்று கேட்டார். நியாயமாகப் பட்டது. வீட்டுக்கு வந்து மாற்றி எழுதினேன்:

‘அவள் முத்திரைக் குடத்தைத் தூக்கி அவர் காலடியில்—’

எறியவில்லை. என் பேனாதான் தூக்கியது, அவள் தூக்கவில்லை. அவளுக்கு வரிசையில் இடம் போய்விடும். கோபப்பட உட்கார்ந்து யோசிக்க நேரம் வேண்டும். அந்த நேரம் மாலை வகுப்புக்குப் போகிற என்னைப் போன்றவர்களிடம்தான் இருக்கிறது.

ஆகவே நாற்காலி அப்படியே இருக்கட்டும். நம்பாதவர்கள் நின்றுகொண்டு வாசிக்கலாம்.

4

போன திங்கட்கிழமை அலுவலகத்தில் தொலைபேசி அடித்தது. குடிநீர் அலுவலகத்துக்குப் புதிதாக வந்திருக்கும் பொறியாளர், இளம்பெண். என்னை மேடம் என்றாள். நானும் அவளை மேடம் என்றேன்.

“எனக்கு முன்னாடி இருந்தவர் போறப்ப ரெண்டு விஷயம் சொன்னாரு மேடம். மேஜை இழுப்பறை திறக்காது. அந்த ஊரைத் தொடாதே. இழுப்பறையை நான் திறந்துட்டேன். அந்த ஊர் விஷயம் என்னன்னுதான் புரியல.”

விளக்கினேன். விளக்கும்போதே என் குரல் எனக்குப் பிடிக்காமல் போயிற்று.

பக்கத்து ஊர் வேலையில் குழாய் மீதம் இருக்கிறதாம். ஆட்களும் அங்கேயே இருக்கிறார்கள். வியாழக்கிழமைக்குள் வேலையைத் தொடங்காவிட்டால் எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றித் திருப்பி அனுப்பிவிடுவார்கள், மறுபடி எப்போது வரும் என்று அவளால் சொல்ல முடியாது. ஆய்வு முடிந்தது என்று எங்கள் தரப்பிலிருந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும். வியாழன் காலை கூப்பிடுவதாகச் சொன்னாள்.

இரவு சாப்பாட்டு மேஜையில் சொன்னேன். பெரியப்பா உண்மையாகவே சந்தோஷப்பட்டார். அதை நான் குறித்துக்கொள்ள வேண்டும். சந்தோஷப்பட்டுவிட்டு, “இருந்தாலும்...” என்றார்.

அடுத்த கோடையில் ஐந்தாம் சுற்று. ஓய்வு பெறுவதற்குள் அதை முடித்துவிட வேண்டும். முதல் சுற்றுப் பெண்களின் மகள்கள் சரியாக அதே வயதுக்கு வந்திருக்கிறார்கள். இப்படி ஒரு தகவல் உலகத்தில் யாரிடமும் கிடையாது. இன்னும் ஆறே மாதம்.

பெரியம்மா பல் மருத்துவர். “பல்லைப் பிடுங்கறதுக்கு இன்னொரு சுற்று வேணும்னு நான் சொன்னா, நோயாளி நாற்காலியோட எழுந்து ஓடிடுவான்” என்றாள்.

“அந்த ஊர் காத்திருந்ததாலதான் எத்தனையோ ஊர்ல குழாய் போட்டாங்க. என் கட்டுரையைக் காட்டித்தான் பணம் ஒதுக்கினாங்க. அது தெரியுமா உனக்கு?”

“தெரியும். அதை அந்த ஊர்ல போய் சொல்லுங்களேன். குடிச்சுக்கட்டும்.”

பெரியப்பா தட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: “முடிஞ்சுதுன்னு சொல்லிட்டா, மறுநாள் காலைல எழுந்து நான் என்ன பண்றது?”

பெரியம்மா அவர் தட்டில் இன்னும் கொஞ்சம் பரிமாறினாள். நான் மாடிக்கு வந்து இதை நாட்குறிப்பில் எழுதினேன். அவரைக் கேலி செய்யச் சேர்த்து வைத்திருந்த வரிகளில் பாதியை அன்றே அடித்தேன். மீதிப் பாதிதான் நீங்கள் இதுவரை வாசித்தது.

5

முடிவுகள். புதன்கிழமைவரை எழுதிப் பார்த்தவை:

(அ) பிரிவு உபசார விழா. பேராசிரியர் மேடையில் ஏறி, கண்ணாடியைக் கழற்றி, ‘ஆய்வு முடிந்தது’ என்று அறிவிக்கிறார். அரங்கம் எழுந்து நிற்கிறது. அடித்துவிட்டேன். அவர் மேடையேறினால் குறிப்பிட்ட நேரத்துக்குள் எதையும் முடித்ததில்லை. அரங்கம் எழுந்து நின்றதுண்டு, கடைசிப் பேருந்துக்காக.

(ஆ) ஐந்தாம் சுற்று நடக்கிறது. கட்டுரை வெளிவருகிறது. கடைசிப் பக்கத்தில் சிறிய எழுத்தில் ஊர் மக்களுக்கு நன்றி. இதுதான் நடக்கக்கூடியது. அதனாலேயே எழுதக் கை வரவில்லை.

(இ) வியாழன் காலை. தொலைபேசி அடிக்கிறது. உதவியாளரின் கை ரிசீவரை நோக்கி நீள்கிறது. அவ்வளவுதான், கதை முடிகிறது.

(இ) எனக்கு மிகவும் பிடித்திருந்தது. நல்ல கதையை முடிக்காதீர்கள், திறந்து வையுங்கள் என்று வகுப்பில் ஆசிரியர் வாராவாரம் சொல்கிறார். சுத்தமாகப் படியெடுத்து, தேதி போட்டு, நிம்மதியாகத் தூங்கினேன்.

காலையில் பல் துலக்கும்போதுதான் உறைத்தது. குழாயை நன்றாகத் திறந்துவிட்டுத் துலக்கிக்கொண்டிருந்தேன். திறந்த முடிவு. பதிலக்கா பன்னிரண்டு வயதிலிருந்து இருப்பதே அதற்குள்தானே. ‘ஆய்வு முடியட்டும்’ என்பதைவிடத் திறந்த முடிவை வேறு யாரால் எழுத முடியும்? பெரியப்பா இவ்வளவு வருடமாக எழுதிவரும் கதையைத்தான் நானும் எழுதியிருக்கிறேன், கையெழுத்து மட்டும் கொஞ்சம் தெளிவு.

வகுப்பு ஆசிரியர் என்னை மன்னிக்க வேண்டும். (இ)யையும் அடித்துவிட்டேன்.

6

வியாழன் காலை. என் மேஜை பெரியப்பாவின் அறைக்கு வெளியே இருக்கிறது. அவர் அறைக் கதவு திறந்திருந்தது. ஐந்தாம் சுற்றின் கேள்விகளைப் பென்சிலால் திருத்திக்கொண்டிருந்தார். திருத்துவது என்றால் மேலே வருடத்தை மாற்றுவது.

தொலைபேசி அடித்தது. எடுத்தேன்.

“மேடம், வண்டி நிக்குது. உங்க சார் என்ன சொன்னாரு? முடிஞ்சுதா, இல்லையா?”

நான் கேள்வியைத் திரும்பச் சொன்னேன். சந்தேகம் வரும்போது கேள்வியைத் திரும்பச் சொல்வது களப்பணியில் எங்களுக்குக் கற்றுக்கொடுத்த முறை. சற்று உரக்கவே சொன்னேன்: “ஆய்வு முடிஞ்சுதா இல்லையான்னு கேக்கறீங்க.”

உள்ளே பென்சில் சத்தம் நின்றது.

காத்திருந்தேன். அவர் எழுந்து வந்து ரிசீவரை வாங்கியிருக்கலாம். இருமியாவது இருக்கலாம். இன்னும் ஆறு மாதம் என்று அங்கிருந்தே சொல்லியிருந்தால் நான் அதை அப்படியே மறுமுனைக்குச் சொல்லியிருப்பேன். நான் அப்படிப்பட்ட உதவியாளர்தான். உள்ளேயிருந்து ஒன்றும் வரவில்லை. பென்சிலும் மறுபடி எழுதத் தொடங்கவில்லை.

“முடிஞ்சுது” என்றேன்.

“எழுத்துல ஏதாவது தருவீங்களா மேடம்?”

“வேணுமா?”

அவள் கொஞ்சம் யோசித்தாள். “வேண்டாம். தொடாதேன்னு சொன்னதும் வாய்ப்பேச்சுதானே” என்றாள். பிறகு என்னிடம் அல்லாமல் வேறு யாரிடமோ, வண்டியைத் திருப்பச் சொல்லிக் குரல் கொடுத்தாள். ஓர் இயந்திரம் உறுமியது. இணைப்பு துண்டிக்கப்பட்டது.

ரிசீவரை வைத்தேன்.

“யாரும்மா ஃபோன்ல?” என்று உள்ளேயிருந்து பெரியப்பா கேட்டார்.

கேட்காத மாதிரி இருந்தவர் கேட்ட கேள்வியா, உண்மையிலேயே காதில் விழாதவர் கேட்ட கேள்வியா என்று அந்தக் குரலை வைத்துச் சொல்ல முடியவில்லை. நான் என்ன பதில் சொன்னேன், அதற்கு அவர் என்ன செய்தார், அன்று மாலை பேருந்தில் பேசிக்கொண்டோமா என்பதையெல்லாம் உங்களிடமே விட்டுவிடுகிறேன். என்னை வேலையை விட்டு அனுப்பினார் என்று எழுதலாம். வருடம் மாற்றிய தாளைக் கிழித்துவிட்டு, மறுநாள் காலை எங்கே போவது என்று என்னிடமே யோசனை கேட்டார் என்றும் எழுதலாம். அடித்தடித்து எழுதிப் பாருங்கள். பிடிக்கவில்லை என்றால் அடைப்புக்குறிக்குள் போட்டு வையுங்கள். நேரம் எவ்வளவு வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.

இந்த முடிவுக்காக யாரும் குடத்தோடு நிற்கவில்லை.